சுமாரான மார்க் எடுத்த பிள்ளைக்குக் கல்லூரி: உதவி எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "பையன் 387தானே, எங்களிடம் ரெண்டு சீட்தான் பாக்கி, இன்னைக்கே டோக்கன் போட்டா ஃபீஸ் குறைச்சுத் தரச் சொல்றோம்" என்று ஒரு குரல். மார்க் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த போன் வந்துவிடும். 570 எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு வாழ்த்து வருகிறது, ஃபெயிலான பிள்ளையைப் பள்ளியே கூப்பிட்டுத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வைக்கிறது. நடுவில் 330, 390, 420 என்று எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் இந்த மாதிரிப் போன்தான் வருகிறது.

நான் படித்து வேலை பார்க்கிற கல்வி ஆலோசகர் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் நடுத்தர மார்க் எடுத்தவர்கள். பெரியவனுக்குச் செய்த தப்பையெல்லாம் சின்னவளுக்குச் செய்யாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாலைந்து வருடமாக மே, ஜூன் வந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒரு அம்மா, "அக்கா, இந்த ஃபார்மைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வாசலில் வந்து நிற்கிறார். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுவது இது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடி வீட்டுக்கு வரும் உதவிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கமிஷன் இருக்கும். நீங்கள் தேடிப் போய்க் கேட்க வேண்டிய உதவி பெரும்பாலும் இலவசம். ஆனால் அது பள்ளிக்கூடத்திலோ அரசுக் கல்லூரியின் ஒரு அறையிலோ தாலுகா ஆபீஸிலோ உட்கார்ந்திருக்கும், நாம்தான் போக வேண்டும்.

முதல் வேலை: மொத்த மார்க்கை மறந்துவிட்டு, பாட மார்க்கைப் பாருங்கள்

எங்கள் தெருவில் எல்லோரும் 600க்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சேர்க்கையில் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு பையனின் மார்க்கை எடுத்துக்கொள்வோம்: தமிழ் 84, ஆங்கிலம் 61, கணக்கு 48, இயற்பியல் 55, வேதியியல் 57, கணினி அறிவியல் 82. மொத்தம் 387.

பொறியியல் கவுன்சலிங்கில், அதாவது டி.என்.இ.ஏ.வில், கணக்கு முழுசாக 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50க்கு. ஆக 48, 27.5, 28.5 கூட்டினால் 200க்கு 104. இதுதான் அவனுடைய கட் ஆஃப். தகுதிக்கு இந்த மூன்று பாடத்திலும் சேர்த்துச் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். இவனுக்கு 53 இருக்கிறது, தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கவுன்சலிங் கட் ஆஃப் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கும், 104 என்பது கடைசிச் சுற்றில் வரும் கட் ஆஃப்.

அதே பையன் அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் போட்டால், மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கைக் கூட்டுகிறார்கள்: 400க்கு 242. பி.ஏ. தமிழுக்குப் போட்டால் தமிழ் மார்க் 84ஐ வைத்துத் தரவரிசை. ஒரே மார்க் ஷீட்தான், ஒரு வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளை இன்னொரு வரிசையில் நன்றாக முன்னால் நிற்கிறது. ஒரு நோட்டில் இந்த மூன்று எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள். யாரிடம் போய் உதவி கேட்டாலும் அவர்கள் கேட்கப் போவது இதைத்தான்.

எந்தப் பாடத்திலாவது எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால், விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், அதற்குக் கொடுக்கும் நாட்களும் மிகக் குறைவு. கணக்கில் நாலு மார்க் ஏறினால் கட் ஆஃபில் நாலும் அப்படியே ஏறும்.

சான்றிதழ்: இதில்தான் நடுத்தர வீடுகள் வழுக்குகின்றன

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரி சான்றிதழ், வெளிமாநிலத்தில் கொஞ்ச காலம் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ். இத்தனையும் இ-சேவை மையத்தில் போடலாம், ஒவ்வொன்றுக்கும் அரசுக் கட்டணம் 60 ரூபாய்தான். போட்டதும் கையில் கிடைக்காது, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று நகர வேண்டும். மே, ஜூன் மாதங்களில் தாலுகாவில் ஜமாபந்தி, அதாவது வருடாந்தர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு, நடக்கும், அதே நேரத்தில்தான் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் சான்றிதழுக்கு நிற்பார்கள். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பிளஸ் ஒன்னில் எடுத்தது இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

பெயரைச் சரிபாருங்கள். போன வருடம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு மார்க் ஷீட்டில் அப்பா பெயர் சண்முகவேல், ஆதாரில் சண்முகவேலு, சாதிச் சான்றிதழில் வெறும் சண்முகம். சமையல்கட்டு மேடையில் மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்து விரலை வைத்துப் படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மா அப்படியே கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். சாதிச் சான்றிதழைத் திருத்திப் புதிதாக வாங்க பதினோரு நாள் ஆனது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கையில் வந்தது. உங்கள் வீட்டில் இதை இன்றைக்கு ராத்திரியே செய்துவிடலாம்.

யாரிடம் போவது

முதலில் பள்ளிக்கூடம். அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உயர்கல்விக்கு வழிகாட்ட ஒரு ஆசிரியருக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் "அந்த சார் யார், எப்போது பார்க்கலாம்" என்று நேராகக் கேளுங்கள். மார்க் குறைவு என்று கூச்சப்பட்டுப் போகாமல் இருக்கும் பெற்றோர்தான் அதிகம். உண்மையில் 580 எடுத்த பிள்ளையைவிட 380 எடுத்த பிள்ளைக்குத்தான் அந்த ஆசிரியரின் அரை மணி நேரம் தேவை. தனியார் பள்ளியாக இருந்தால் வகுப்பாசிரியரைப் பிடியுங்கள், அவரிடம் முந்தைய வருடம் இதே மார்க் எடுத்த பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பத்து விளம்பரத்துக்குச் சமம்.

2022 முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்குப் பிள்ளையோடு நீங்களும் போக முடிந்தால் போங்கள். மேடைப் பேச்சோடு எழுந்து வந்துவிடாமல், ஸ்டால்களில் நின்று கேட்க வேண்டும். போக முடியாதவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது, தேர்வு, மேற்படிப்பு பற்றிய சந்தேகம் எதுவானாலும் கேட்கலாம். பிள்ளை மனம் உடைந்து பேசாமல் கிடந்தால் 104ஐ அழையுங்கள். மார்க் வந்த வாரத்தில் விண்ணப்பத்தைவிட இது அவசரம்.

பொறியியலுக்கு டி.எஃப்.சி. என்று சொல்லப்படும் உதவி மையங்கள் எல்லா மாவட்டங்களிலும் அரசுக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளில் இயங்குகின்றன. கலை அறிவியலுக்கு அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் போட்டிருப்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அங்கே போய் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பதியலாம், சான்றிதழை ஸ்கேன் செய்யலாம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான். டி.என்.இ.ஏ.வுக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. அரசு கலைக் கல்லூரிகளுக்கு நான் போட்ட வருடங்களில் ஒரு விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்.

பிரவுசிங் சென்டரில்தான் போடுவேன் என்றால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும், போன் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கல்லூரி விருப்பத்தை நமக்குத் தெரியாமல் வேறு ஒருவர் மாற்றிப் பூட்டிவிட்டால் அதைத் திருப்பவே முடியாது.

அப்புறம், யாரும் சொல்லாத ஒரு உதவி: போன வருடம் சேர்ந்த பிள்ளைகள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படித்து, இப்போது முதலாமாண்டு முடித்திருக்கும் அண்ணன், அக்கா நாலு பேரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். ஹாஸ்டல் தண்ணீர், பஸ், ஃபைன், ஆசிரியர்கள் பாதியில் நிற்பது, எல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

விண்ணப்பத்தை நாலு பக்கமும் போடுங்கள்

நடுத்தர மார்க் வீட்டில் பெரிய தப்பு, ஒரே கதவில் நிற்பது. இன்ஜினியரிங் கிடைக்கும் என்று ஜூலை, ஆகஸ்ட் வரை காத்திருந்து, அதற்குள் கலைக் கல்லூரிகள் நிரம்பிவிடும். அரசு கலை அறிவியல் விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டியே தொடங்கிவிடுகிறது, கலந்தாய்வு ஜூன் மாதத்திலேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் 160க்கு மேல் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊர்ப் பக்கத்துக் கல்லூரியோடு நிறுத்தாமல், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சின்ன ஊர்க் கல்லூரிகளையும் சேர்த்துப் போடுங்கள். நகரத்துக் கல்லூரியில் பி.காம். கிடைக்காத மார்க்குக்குத் தாலுகா ஊரில் கிடைக்கும்.

அரசு உதவிபெறும் கல்லூரிகள் தனித்தனியாக விண்ணப்பம் கொடுக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கல்லூரிக்குள் எய்டட் பிரிவு, செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு என்று இரண்டு இருக்கும், பல இடங்களில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று சொல்வார்கள். பட்டம் ஒன்றுதான், செல்ஃப் ஃபைனான்ஸில் கட்டணம் பல மடங்கு அதிகம். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா" என்று விண்ணப்பம் வாங்கும் ஜன்னலிலேயே கேளுங்கள். எய்டடில் வெயிட்டிங் லிஸ்ட் இருந்தால் பெயரைக் கொடுத்துவிட்டு, பொறியியல் கவுன்சலிங் நடக்கும்போது திரும்பப் போய்க் கேளுங்கள். அங்கே சீட் கிடைத்த பிள்ளைகள் இங்கிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள், அந்த இடம் காலியாகும். என் மகளுக்கு பி.எஸ்சி. கணிதம் இப்படித்தான் ஆகஸ்ட் மாதத்தில் கிடைத்தது.

பயாலஜி எடுத்த பிள்ளை என்றால் பாராமெடிக்கல் படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு தனியாக விண்ணப்பம் வாங்கும். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., ரேடியாலஜி மாதிரிப் படிப்புகளுக்கு இதுவரை நீட் கேட்டதில்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்தே தரவரிசை. தனியார் நர்சிங் கல்லூரி என்று யாராவது கூப்பிட்டால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பிளஸ் டூ படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு கவுன்சலிங்குக்குப் போகலாம். அங்கே டிப்ளமோ மார்க்தான் பேசும், பிளஸ் டூவில் கணக்கில் 48 எடுத்தது பின்னால் போய்விடும். என்னைக் கேட்டால், 104 கட் ஆஃப் வைத்துக்கொண்டு பெயர் தெரியாத பொறியியல் கல்லூரிக்கு வருடம் லட்ச ரூபாய் கட்டுவதைவிட அரசு பாலிடெக்னிக் நல்ல வழி. கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளையாக இருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

மார்க்கைவிட விருப்பம் பெரிதாக இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வரையத் தெரிந்தவளுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக்கு அரசுக் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம், கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம், திருச்சி துவாக்குடியிலும் தரமணியிலும் ஹோட்டல் மேனேஜ்மென்ட். பொதுத்தேர்வில் சுமாராக எழுதி, நுழைவுத்தேர்வில் நன்றாக எழுதுகிற பிள்ளைகளுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் க்யூட் தேர்வு ஒரு வாய்ப்பு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறது. ஆனால் அதற்கு ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

டி.என்.இ.ஏ. விருப்பப் பட்டியல்: இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுங்கள்

கட் ஆஃப் குறைந்த பிள்ளைகள் கடைசிச் சுற்றில் வருவார்கள். அந்தச் சுற்றில் எந்தக் கல்லூரியில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது முதல் சுற்று முடிந்த பிறகு தளத்திலேயே தெரியும். முந்தைய வருடங்களில் ஒவ்வொரு கல்லூரியில், ஒவ்வொரு பிரிவில், ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் கடைசியாக எந்தக் கட் ஆஃபுக்கு இடம் போனது என்பதும் கிடைக்கும். ஆலோசகர்கள் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பிரிண்ட் போட்டுத் தருவது பெரும்பாலும் இதைத்தான்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் போன வருடம் ஒரு பையனுக்கு இதைப் போட்டோம். நீளமான கணக்கு நோட்டு, நாலு கோடு. கல்லூரிக் குறியீட்டு எண், பிரிவு, அவன் சமூகத்துக்குப் போன வருடக் கடைசிக் கட் ஆஃப், வீட்டிலிருந்து தூரம். அவன் கட் ஆஃப் 118. 130க்குப் போன இடங்களைச் சிவப்பு மையிலும், 115லிருந்து 125 வரை நீலத்திலும், 100க்குக் கீழே போனதைப் பென்சிலிலும் எழுதினான். முதலில் அவன் சொன்னது பதினோரு கல்லூரிதான். எல்லாம் பேர் கேள்விப்பட்ட கல்லூரி, எல்லாம் சிவப்பு. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது எழுபத்தாறு வரிகள் வந்திருந்தன. விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அவனுக்குக் கிடைத்தது நாற்பத்தி மூன்றாவது வரி.

வரிசைதான் முக்கியம். மேலே இருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிடும். அதனால் கிடைத்தால் சேருவோம் என்று நினைக்காத கல்லூரியை ஒரு வரிகூடப் போடாதீர்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன், வேண்டாம் என்று சில வழிகள் கேட்கும். இதில் இரண்டாவதான அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் கொடுத்தால் கையில் இருப்பதும் போகாது, மேலே கிடைக்கவும் வாய்ப்பு இருக்கும். அதற்குக் குறித்த நாளுக்குள் டி.எஃப்.சி.யில் பணம் கட்ட வேண்டும், சேர்கிறேன் என்று கொடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கட்டாயம் கேளுங்கள். பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொது வரிசையில் நினைத்தே பார்க்க முடியாத கல்லூரி சுமாரான கட் ஆஃபுக்கு இங்கே கிடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காசு

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். முதலாவது 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2024 ஆகஸ்டிலும் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் கிடைக்கும், மார்க் பார்ப்பதில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கே இருக்கும் பொறுப்பு ஆசிரியர் வழியாகப் பதிய வேண்டும். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் பலருக்கு இது மாதக்கணக்கில் தாமதமாகிறது.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை: கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடத்தை, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதத்தை, கவுன்சலிங்குக்குக் கொடுத்துவிடுகின்றன. சுமாரான கல்லூரிகளில் கவுன்சலிங் இடமே நிரம்பாமல் கிடக்கும்போது அதே கல்லூரியில் கூடுதல் பணம் கட்டி மேனேஜ்மென்ட் சீட் வாங்க வைப்பதுதான் அந்தப் போன் குரல்களின் வேலை. கடைசிச் சுற்று வரை பொறுத்திருந்தால் அதே கல்லூரி, அதே வகுப்பு, குறைந்த கட்டணம், உதவித்தொகையோடு.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் பதியுங்கள். 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம், ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கிளை மேலாளர் அலைக்கழித்தால் ஆட்சியர் ஏற்பாட்டில் நடக்கும் கல்விக் கடன் முகாமுக்குப் போங்கள், எல்லா வங்கிக்காரர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், அங்கே மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம். குடும்பச் சூழல் மிகவும் மோசமாக இருந்தால் அகரம் அறக்கட்டளைக்கும் எழுதிப் பாருங்கள். 2010 முதல் விதைத் திட்டத்தில் முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், வீட்டு நிலைமையையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆலோசகர், கண்காட்சி, புரோக்கர்

எங்கள் பெரியவன் 371. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனோம். ஏ.சி., ஜூஸ், கழுத்தில் டை கட்டிய பையன்கள். இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி, "சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கேட்ட ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் அரசுக் கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. டி.சி. கையில் இல்லை. போன் எடுக்கவில்லை, நேரில் போனால் நாளைக்கு வா என்றார்கள். மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது, பணம் வரவில்லை, பி.காம். இடமும் போய்விட்டது. அன்றைக்கு என் மகன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரிஜினலை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். சேர்ந்த பிறகு விலகினாலும் பணத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறது. 2018 அறிவிப்பின்படி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் நடைமுறைச் செலவு போக முழுப் பணமும், அதற்கப்புறம் தள்ளிப் போகப் போக 90, 80, 50 சதவீதம் என்றும் குறையும். தராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் போடலாம். நன்கொடை என்று தனியாகக் கேட்டால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

காசு கொடுத்து ஆலோசகரிடம் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்தக் கல்லூரியிலாவது உங்களுக்குக் கமிஷன் உண்டா?" "அரசுக் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் உங்கள் பட்டியலில் வருமா?" இரண்டாவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேரும் முன் ஒரு தடவை நேரில்

வேலை நாளில், சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அட்மிஷன் அறைக்குப் போகும் முன் வாசலில் டீக்கடையில் நில்லுங்கள், பிள்ளைகள் பேசுவது காதில் விழும். மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் எத்தனை பேப்பர் அரியர், உங்கள் துறையில் எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டே போங்கள். ஆபீஸில் டியூஷன் ஃபீஸை மட்டும் சொல்வார்கள். பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், டிரெய்னிங் என்று படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

முடிவெடுக்கும்போது பிள்ளையை அறையைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பேசி, படிக்கப் போகிறவன் மாடியில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அந்த நோட்டை அவன் கையாலேயே எழுத வையுங்கள்.

எல்லாம் கைவிட்டுப் போனாலும்

ஜூலை முடிந்துவிட்டது, எங்கும் சேரவில்லை என்றாலும் கதவு மூடவில்லை. டி.என்.இ.ஏ.வில் துணைக் கலந்தாய்வு வரும், துணைத்தேர்வில் பாஸானவர்களும் அதில் சேரலாம். அரசு கலைக் கல்லூரிகளில் காலி இடங்களுக்குத் திரும்ப விண்ணப்பம் வாங்குவார்கள். அப்புறம், பிளஸ் டூ முடித்து எங்கும் சேராத பிள்ளைகளுக்காக மாவட்டங்களில் உயர்வுக்குப் படி என்று முகாம் நடத்துகிறார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வங்கி, சான்றிதழ் போடும் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அங்கேயே சேர்க்கை ஆணை வாங்கிக்கொண்டு வரலாம். தேதியைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ 14417லோ கேளுங்கள்.

போகும்போது பையில் இருக்க வேண்டியது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகள், பிளஸ் ஒன் மார்க் ஷீட் இருந்தால் அதுவும், டி.சி., சாதி, வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளியில் கொடுத்த பிள்ளையின் எமிஸ் அடையாள நம்பர், எட்டு பாஸ்போர்ட் போட்டோ, எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். தண்ணீர் பாட்டில் ஒன்று, சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள், நேரமாகும்.